மணியோசையும் சந்தைத் தெருவும்: பிலிப்பைன் மாகாண நகரொன்றின் போக்குவரத்தும் வாணிபமும்

தென்கிழக்காசிய நாடுகளின் வரலாறு பெரும்பாலும் தலைநகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பிலிப்பைன் தீவுகளைப் பொறுத்தவரையில் இக்குறைபாடு மேலும் வெளிப்படையானது. மனிலாவின் மதில்கள், மெக்சிக்கோவுக்குச் சென்ற பாய்க்கப்பல்கள், 1896 ஆம் ஆண்டுப் புரட்சி, 1986 ஆம் ஆண்டு மக்கள் எழுச்சி ஆகியன வரலாற்று நூல்களை நிறைக்கின்றன. ஆனால் அந்நாட்டு மக்களுட் பெரும்பாலோரின் நாளாந்த வாழ்வு மாகாண நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களையும் சார்ந்தே அமைந்திருந்தது. அம்மக்கள் எதில் ஏறிப் பயணஞ் செய்தனர், மீனும் அரிசியும் எங்கே வாங்கினர், யாரிடம் கடன்பட்டனர் என்னும் வினாக்கள் அற்பமானவை போலத் தோன்றலாம். எனினும், ஆட்சி மாற்றங்கள் சாதாரண மனிதனின் வாசலுக்கு வந்து சேர்ந்த வழியை அறிவதற்கு இவ்வினாக்களை விடச் சிறந்த திறவுகோல் வேறில்லை எனலாம்.

இந்நோக்கிலேயே நெக்ரோஸ் தீவின் கிழக்குக் கரையிலுள்ள டுமகெத்தே நகர் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. கீழை நெக்ரோஸ் மாகாணத்தின் தலைநகரான இந்நகரில் 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 134,000 பேர் வாழ்ந்தனர். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலையும் அமைந்த இந்நகரின் வரலாற்றில் ஒரு போக்கு மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதை அவதானிக்கலாம். ஆதிக்கம் செலுத்தியோர் ஒவ்வொரு காலத்திலும் மக்களையும் பண்டங்களையும் ஓரிடத்தே திரட்ட முற்பட்டனர். மக்களோ சிறிய வண்டி, சிறிய கடை, சிறிய அளவு என்பவற்றின் துணைகொண்டு அத்திரட்சியைத் தமது வசதிக்கேற்பச் சிதறடித்துக்கொண்டனர். அச்சிறுமை அவர்களுக்குப் பாதுகாப்பையும் அளித்தது. அதற்குரிய விலையையும் அவர்களிடமிருந்தே பெற்றுக்கொண்டது.

மணியோசையின் கீழ்

ஸ்பானியர் வருமுன்னர் விசாயத் தீவுகளில் நகரங்கள் என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே. ஆற்றுமுகங்களிலும் கடற்கரைகளிலும் சிதறிக் கிடந்த குடியிருப்புகளே எங்கும் காணப்பட்டன. அக்குடியிருப்புக்கு வழங்கிய ‘பரங்காய்’ என்னும் பெயர் படகைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். ஒரு படகில் வந்திறங்கிய உறவினர் கூட்டமே ஒரு சமூகமாயிற்று என்னும் நினைவு அச்சொல்லிற் பொதிந்துள்ளது. அங்கு போக்குவரத்து என்பது முதலில் நீரின் மேலேயே நிகழ்ந்தது. பண்டமாற்றும் படகோரத்திலேயே நடைபெற்றது.

1565 இல் லெகாஸ்பி செபுத் தீவிற் காலூன்றியதையும் 1571 இல் மனிலா ஸ்பானியர் வசமானதையும் தொடர்ந்து இந்நிலை மாறத் தொடங்கியது. சிதறி வாழும் மக்களிடம் வரி அறவிடுவதும், அவர்களை வேலைக்கு அழைப்பதும், அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் எளிதன்று. எனவே அவர்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து குடியேற்றும் கொள்கை வகுக்கப்பட்டது. இரண்டாம் பிலிப் மன்னன் 1573 இல் வெளியிட்ட கட்டளைகள் புதிய நகரொன்று எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நுணுக்கமாக விதித்தன. நகரின் நடுவே சதுக்கம் அமைய வேண்டும். கரையோர நகராயின் அது படகுத்துறையை அண்டியிருத்தல் வேண்டும். அதன் நீளம் அகலத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது. வணிகரின் வசதிக்காகச் சதுக்கத்தைச் சுற்றித் தாழ்வாரங்கள் இருத்தல் வேண்டும். குளிர் நாடுகளிலே தெருக்கள் அகலமாகவும் வெப்ப நாடுகளிலே ஒடுக்கமாகவும் அமைதல் வேண்டும் என்றெல்லாம் அவை கூறின. ஒருபோதும் கீழைத்தேயத்தைக் கண்டிராத மன்னனொருவன் தீட்டிய வரைபடத்தின் மீதே இத்தீவுகளின் நகரங்கள் எழுந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

நகர எல்லைக்குட்பட்டு வாழ்தலை ‘மணியின் கீழ் வாழ்தல்’ என ஸ்பானியர் குறிப்பிட்டனர். கோயில் மணி கேட்கும் தூரமே நாகரிகத்தின் எல்லை. அதற்கப்பால் மலையேறியவர் தப்பியோடியவராகக் கருதப்பட்டனர். டுமகெத்தே 1620 இல் தனிப் பங்காயிற்று. அலெக்சாந்திரியாவின் புனித கத்தரீனாள் அதன் பாதுகாவலியானாள். அவளது திருநாளாகிய நவம்பர் 25 இன்றும் நகரின் பெருவிழா நாளாகும். கோயில், சதுக்கம், சந்தை ஆகிய மூன்றும் நடந்து செல்லும் தூரத்துக்குள் அமைந்திருப்பதை இன்றும் அங்கு காணலாம்.

ஆயினும் திட்டம் முழுமையாக வெற்றிபெறவில்லை. பயிரும் பன்றியும் கிராமத்தில் இருக்க, குடியானவன் நகரிலேயே நிலையாகத் தங்குதல் இயலாதாயிற்று. ஆகவே நிலப்பிரபுத்துவத் தன்மை கொண்ட உள்ளூர் மேட்டுக்குடியினர் சதுக்கத்தைச் சுற்றி வீடமைத்துக்கொள்ள, ஏனையோர் வயலோரக் குடிசைகளில் வாழ்ந்துகொண்டு ஞாயிறு வழிபாட்டுக்கும் திருநாளுக்கும் மாத்திரம் நகருக்கு வந்தனர். வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. கோழி, கிழங்கு, தேங்காய், பாய் என்பனவும் அவர்களோடு வந்தன. பூசைக்கெனத் திரட்டப்பட்ட கூட்டம் சந்தைக் கூட்டமாகவும் மாறியது. அரசன் வகுத்த சதுக்கத்துக்கு மக்கள் கொடுத்த முதல் மறுமொழி இதுவே.

சந்தையைக் குறித்து இத்தீவுகளில் வழங்கும் சொற்களும் இவ்வரலாற்றுக்குச் சான்று பகர்கின்றன. ‘தியாங்கே’ என்பது மெக்சிக்கோவின் பழங்குடி மொழியாகிய நாவாத்திலிருந்து பாய்க்கப்பல் வழியாக வந்த சொல். ‘பலெங்கே’ என்பது வேலியடைப்பைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லின் திரிபு. வாடிக்கையாளரையும் வாடிக்கைக் கடைக்காரரையும் ஒருசேரக் குறிக்கும் ‘சூக்கி’ தென்சீனத்து ஹொக்கியன் மொழியினின்றும் வந்தது. ஒரு சந்தைத் தெருவில் மூன்று கண்டங்களின் வாணிபம் சொல்லாக உறைந்து கிடக்கின்றது.

கடற்கொள்ளையும் கரும்பும்

கரையோரத்தில் மக்களைத் திரட்டியதால் எதிர்பாராத தீங்கொன்றும் நேர்ந்தது. சூலுக் கடலிலிருந்து அடிமை பிடிக்க வந்த படகுப் படைகளுக்கு அத்தகைய நகரங்கள் எளிய இலக்காயின. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் விசாயக் கரைகள் இக்கொள்ளைகளால் பெரிதும் அல்லலுற்றன. டுமகெத்தே என்னும் பெயரே ‘பாய்ந்து கவர்தல்’ எனப் பொருள்படும் ‘டாகித்’ என்னும் சொல்லடியாகப் பிறந்ததென்பது அந்நகர மக்களிடையே வழங்கும் மரபு. கோயிலருகே நிற்கும் கல்லாலான மணிக்கூண்டு கொள்ளையர் வருகையை அறிவிக்கும் காவற் கோபுரமாகவும் பயன்பட்டது. வழிபாட்டுக்கு வரும்படி அழைத்த அதே மணி, ஓடித் தப்பும்படியும் அழைத்தது. 1848 இல் ஸ்பானியர் நீராவிக் கலங்களின் துணையுடன் பலங்கிங்ஙித் தீவைத் தாக்கியதன் பின்னரே கொள்ளையரின் வலு குன்றத் தொடங்கியது.

கடல் ஓரளவு அமைதியுற்றதும் வாணிபம் பெருகிற்று. 1855 இல் இலோயிலோவும் 1860 இல் செபுவும் உலக வாணிபத்துக்குத் திறந்துவிடப்பட்டன. ஆங்கிலத் துணைத்தூதர் நிக்கலஸ் லோனி 1856 இல் இலோயிலோவுக்கு வந்து, கரும்பாலை இயந்திரங்களைத் தவணைக் கடனுக்கு வழங்கி ஊக்குவித்தமை நெக்ரோஸ் தீவின் தலைவிதியையே மாற்றியது. காடுகள் கரும்புத் தோட்டங்களாயின. தீவின் மேற்குப் பகுதியே இதில் முதன்மை பெற்றதெனினும் கிழக்குக் கரையும் அம்மாற்றத்துக்கு விலக்காகவில்லை. 1890 இல் தீவு இரு மாகாணங்களாகப் பிரிக்கப்பட, டுமகெத்தே கீழை நெக்ரோஸின் தலைநகராயிற்று. பிற்காலத்தில் டுமகெத்தேக்கு வடக்கேயுள்ள பாயிஸ் நகரில் 1918 இல் பெரும் சீனி ஆலை எழுந்தது. தோட்ட முதலாளிகள் டுமகெத்தேக் கடற்கரையில் மாளிகைகள் அமைத்தனர். தேசிய வீரர் ஹொசே றிசால் நாடுகடத்தப்பட்டிருந்த டபித்தானிலிருந்து 1896 ஓகஸ்ட் 1 ஆம் நாள் மனிலா செல்லும் வழியில் இக்கரையில் இறங்கினார். அவரது பெயரையே அக்கடற்கரை வீதி இன்று தாங்கி நிற்கின்றது.

சீனி ஏற்றுமதியானது, துணியும் மண்ணெண்ணெயும் இறக்குமதியாயின. இவ்விரண்டுக்கும் இடைநின்றவர் சீன வணிகர். மாகாண ஆளுநர்கள் தாமே வாணிபஞ் செய்யும் சலுகை 1844 இல் ஒழிக்கப்பட்டதும், சீனர் தீவுகளெங்கும் சென்று குடியேறுவதற்கு முன்பிருந்த தடைகள் தளர்த்தப்பட்டதும் அவர்களுக்கு வாய்ப்பாயின. மனிலாவிலிருந்த பெருவணிகர் மாகாணங்களிலிருந்த தம் முகவருக்குப் பண்டங்களைக் கடனாக அனுப்புவர். முகவர் அப்பண்டங்களை விற்று, பதிலாக அவ்வூர் விளைபொருள்களைக் கொள்வனவு செய்து அனுப்புவர். இவ்வாறு ஊர்க்கடை விற்கும் இடமாக மட்டுமன்றி வாங்கும் இடமாகவும் கடன் கொடுக்கும் இடமாகவும் விளங்கிற்று. அறுவடைக்கு முன் கடனுக்கு அரிசி பெற்றவன் அறுவடையின் பின் கடைக்காரன் சொன்ன விலைக்கே விளைச்சலை ஒப்படைத்தான்.

பாதையும் பாடசாலையும்

ஸ்பானியர் காலத்துத் தரைவழிகள் கட்டாய உழைப்பின் பயனாகும். ஆண்டொன்றுக்கு நாற்பது நாள் கூலியின்றி உழைக்கும் கடப்பாடு ஆடவர்க்கு இருந்தது. 1884 இல் அது பதினைந்து நாளாகக் குறைக்கப்பட்டது. பணமுள்ளவர் பணம் செலுத்தி விலகிக்கொண்டனர். ஆகவே பாதையமைத்தவர் நடந்து செல்ல, அமைக்காதவர் குதிரை வண்டியிற் சென்றனர். விசாய மக்கள் ‘தார்த்தனில்லா’ என அழைத்த இருசக்கரக் குதிரை வண்டியும், எருமை இழுத்த கட்டை வண்டியும் நெடுங்காலம் தெருக்களை ஆண்டன.

1898 இல் ஸ்பெயின் இத்தீவுகளை இரண்டு கோடி டொலருக்கு அமெரிக்காவிடம் கைமாற்றிற்று. புதிய ஆட்சியாளர் மணிக்குப் பதிலாகப் பாடசாலையையும் பாதையையும் கருவியாகக் கொண்டனர். டுமகெத்தேயில் 1901 ஓகஸ்ட் 28 ஆம் நாள் பதினைந்து மாணவருடன் ஒரு கல்விக்கூடம் தொடங்கிற்று. நியூயோர்க் மாநிலத்து வணிகரான ஹொறேஸ் சிலிமன் வழங்கிய பத்தாயிரம் டொலரே அதன் முதல். பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையினர் நடத்திய அக்கூடம் 1938 இல் சிலிமன் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நகரின் பொருளாதாரத்தில் இதன் தாக்கம் ஆழமானது. பிற தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த மாணவர்க்கு விடுதி, உணவுக்கடை, புத்தகக்கடை, சலவை, தையல் என்பன தேவைப்பட்டன. சீனியின் விலை உலகச் சந்தையில் ஏறி இறங்கியபோதும் மாணவர் வருகை நிலையாக இருந்தமையால், தனிப்பயிர் மாகாணமொன்றின் தலைநகர் அப்பயிரோடு முற்றாக வீழ்ந்துவிடாது காக்கப்பட்டது. 1962 இல் எடில்பேர்ட்டோ தியெம்போவும் எடித் தியெம்போவும் தொடக்கிய எழுத்தாளர் பட்டறை இந்நகரின் பெயரை இலக்கிய உலகிலும் நிலைநாட்டியது.

நெடுஞ்சாலைகள் விரிவடைய மோட்டார் பஸ்களும் வந்தன. பாதை கடலுடன் போட்டியிட்டது. ஆனால் கடலை வெல்லவில்லை. செபு, சிகிஹோர், மிண்டனாவோ ஆகிய திசைகளுக்குச் செல்லும் பயணிகளும் சரக்கும் இன்றும் டுமகெத்தேத் துறைமுகத்தையும் அருகிலுள்ள சிபுலான் துறையையுமே நாடுகின்றனர். 1968 இல் நெக்ரோஸ் தீவிலேயே தோன்றிய பஸ் நிறுவனமொன்றின் மஞ்சள் நிறப் பஸ்கள் படகிலேறிக் கடல் கடந்து அக்கரைத் தெருக்களில் ஓடுவதை நோக்குமிடத்து, தரையும் கடலும் அங்கு ஒரே வழியின் இரு பகுதிகளே என்பது புலனாகும்.

போர் விட்டுச்சென்ற வண்டி

யப்பானியப் படைகள் 1942 மே 26 இல் டுமகெத்தேயைக் கைப்பற்றின. 1945 ஏப்பிரில் 26 இல் அமெரிக்கப் படைகள் அங்கு கரையிறங்கின. போர் முடிந்தபோது நாடெங்கும் பஸ்கள் அழிந்தும் பாலங்கள் உடைந்தும் கிடந்தன. அமெரிக்க இராணுவம் எஞ்சவிட்டுச் சென்ற ஜீப் வண்டிகளே கைக்கெட்டியவை. உள்ளூர்க் கம்மியர் அவற்றின் பின்புறத்தை நீட்டி, எதிரெதிரே இரு வாங்குகளைப் பொருத்தி, மேலே கூரையமைத்துப் பயணிகள் வண்டியாக்கினர். இவ்வாறு பிறந்ததே ‘ஜீப்னி’. 1953 இல் மனிலாவை அடுத்த லாஸ் பீன்யாஸில் ஜீப்னித் தொழிற்சாலையை நிறுவிய லெயோனார்டோ சறாவோ முன்னர் குதிரை வண்டிக்காரராக இருந்தவர். ஜீப்னியின் முகப்பில் இன்றும் காணப்படும் சிறு உலோகக் குதிரைகள் வெறும் அலங்காரமல்ல; ஒரு தொழிலின் நினைவுச் சின்னங்கள் எனலாம்.

1948 இல் டுமகெத்தே மாநகர் எனும் தகுதியைப் பெற்றது. அடுத்து வந்த பதிற்றாண்டுகளில் அதன் ஒடுங்கிய தெருக்களுக்கு ஜீப்னியும் பெரிதாயிற்று. அவ்விடைவெளியை நிரப்பியது முச்சக்கர வண்டி. மோட்டார் சைக்கிளின் பக்கத்தே உள்ளூர்ப் பட்டறையில் ஒட்டிய இரும்புக் கூடே அதன் உடல். யப்பானில் உருவான இயந்திரமே அதன் உயிர். துப்பாக்கியோடு வந்திறங்கிய நாடு முப்பதாண்டுகளுக்குள் மோட்டார் சைக்கிளோடு வந்து நிலைத்தது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. டுமகெத்தே மக்கள் இவ்வண்டியைப் ‘பெடிகாப்’ என்றே அழைப்பர். காலால் மிதித்த பழைய வண்டியின் பெயர் இயந்திரம் வந்த பின்னரும் நீங்கவில்லை.

பெடிகாப்பின் இயக்கமுறை கவனத்துக்குரியது. அதற்குக் குறித்த பாதை இல்லை. நேர அட்டவணையும் இல்லை. முன்பின் அறியாத ஐந்தாறு பேர் ஒரே வண்டியில் நெருங்கியமர்வர். புதிதாக ஏற விரும்புபவர் தாம் செல்லும் இடத்தைக் கூறுவார். ஏற்கெனவே அமர்ந்திருப்போரின் இடங்களோடு அது பொருந்துமாயின் சாரதி தலையசைப்பார்; இன்றேல் மறுத்து அப்பாற் செல்வார். ஒவ்வொரு பயணமும் பல பேரின் தேவைகளை ஒரு வழியில் இணைக்கும் கணக்காகும். இறங்குமிடம் வந்ததும் ‘லுகார் லாங்’ எனக் கூறினால் வண்டி நிற்கும். ‘லுகார்’ என்பது இடத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். கட்டணத்துக்கு வழங்கும் ‘பிளேத்தே’ என்பதோ கப்பற் சரக்குக் கூலியைக் குறித்த ஸ்பானியச் சொல்லின் திரிபு.

இவ்வமைப்பை இலட்சியமயமாக்குதல் தவறாகும். சாரதி பெரும்பாலும் வண்டியின் உரிமையாளர் அல்லர். நாள் வாடகையாக ஒரு தொகையை உரிமையாளருக்குக் கொடுத்த பின்னரும், பெற்றோலுக்குச் செலவிட்ட பின்னரும் எஞ்சுவதே அவரது வருவாய். மழை பெய்தாலும் நோயுற்றாலும் வாடகை நின்றுவிடாது. நிலத்தை இழந்த குத்தகை விவசாயியின் மகன் தெருவிலும் குத்தகைக்காரனாகவே ஆகிறான் என்பது இங்கு நோக்கற்பாலது. 1991 ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டக்கோவை முச்சக்கர வண்டிகளுக்கு அனுமதியளிக்கும் அதிகாரத்தை நகர சபைகளிடம் ஒப்படைத்தது. அதன் பயனாக, எத்தனை வண்டிகள் ஓடலாம், கட்டணம் எவ்வளவு என்பன உள்ளூர் அரசியலின் முக்கிய வினாக்களாயின.

சந்தை நாள்

நகரின் அன்றாடச் சந்தை கோயிலுக்கு அண்மையில் அமைந்துள்ளது. அதன் ஒரு பகுதிக்குப் ‘பைனித்தான்’ என்று பெயர். சூடான உணவு கிடைக்கும் இடம் என்பது பொருள். விடியற்காலையில் மீனிறக்கியவரும் மரக்கறி கொணர்ந்தவரும் மாணவரும் அங்கு ஒரே வாங்கில் அமர்ந்து, வாழையிலையிற் சுற்றி அவித்த தேங்காய்ப்பால் சோற்றுருண்டையாகிய ‘புட்புட்’டையும் ‘சிக்வாத்தே’ என்னும் கொக்கோப் பானத்தையும் உண்பர். அக்கொக்கோ, 1565 முதல் 1815 வரை மெக்சிக்கோவுக்கும் மனிலாவுக்குமிடையே ஓடிய பாய்க்கப்பல்களின் கொடை. பேரரசுகளின் வாணிபம் ஏழையின் காலையுணவாக எஞ்சியுள்ளது.

வாரச் சந்தையைக் காண்பதற்கு நகரிலிருந்து தெற்கே சம்போவாங்கித்தா ஊரின் மலத்தப்பாய்க் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு புதன்கிழமையும் அங்கு ‘தாபோ’ கூடுகின்றது. மலைக் கிராமத்தவர் மாடு, ஆடு, பன்றி, காய்கறி என்பவற்றோடு இறங்கி வருவர். கடற்புறத்தவர் மீனும் கருவாடும் கொணர்வர். மூங்கிற் தட்டிகளும் பாய்களும் கயிறுகளும் குவிந்து கிடக்கும். மாட்டை விற்றவன் அப்பணத்தில் வீட்டுக்கு வேண்டிய உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் மலையேறிவிடுவான். மன்னனின் கட்டளையால் எழுந்த சதுக்கத்துக்கு வெளியே, மலையும் கடலும் சந்திக்கும் இயல்பான புள்ளியில், படகோரத்துப் பண்டமாற்றின் பழைய மரபு இவ்வாறு தொடர்கின்றது.

அதே கரையிலிருந்துதான் அப்போத் தீவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. சிலிமன் பல்கலைக்கழகத்து உயிரியலறிஞர் ஏஞ்சல் அல்காலாவும் அவர் துணைவரும் 1980 களின் தொடக்கத்தில் அத்தீவு மீனவரோடு இணைந்து கடலின் ஒரு பகுதியை மீன்பிடிக்கு விலக்கி வைத்தனர். பவளப்பாறைகள் சிதைந்து மீன்வளம் அருகிவந்த காலம் அது. காக்கப்பட்ட பகுதியில் மீன் பெருகவே, எல்லைக்கு வெளியே வலை வீசியவரும் பயன் பெற்றனர். பல்கலைக்கழகமொன்றின் ஆய்வு சந்தைக்கு வரும் மீனோடு நேரடியாகத் தொடர்புற்றமைக்கு இது அரிய எடுத்துக்காட்டாகும்.

ஒரு கரண்டி எண்ணெய்

சந்தைக்கு நாள்தோறும் செல்லவியலாதவர்க்குத் தெருமுனையிலே கடையுண்டு. ‘சாரி-சாரி’ என வழங்கும் அக்கடை பெரும்பாலும் வீட்டின் முன்னறையே. கம்பித் தட்டியின் பின்னால் அவ்வீட்டுப் பெண் அமர்ந்திருப்பாள். ஒரு கரண்டி எண்ணெய், ஒரு சிகரெட், ஒருமுறை தலைகழுவப் போதுமான சிறுபொதி என மிகச் சிறிய அளவில் அங்கு பொருள் வாங்கலாம். இம்முறைக்குத் ‘திங்கி’ என்று பெயர். அன்றாடம் கூலி பெறுபவர் அன்றன்றைக்கு வேண்டியதையே வாங்க முடியும் என்னும் உண்மையிலிருந்து பிறந்த முறை அது.

இக்கடைகளின் உரிமை குறித்து நாட்டில் பெரும் விவாதம் நிகழ்ந்தது. சுதந்திரத்தின் பின் எழுந்த தேசியவாதம் சில்லறை வாணிபத்தில் சீனர் பெற்றிருந்த செல்வாக்கைச் சுட்டிக்காட்டிற்று. 1954 இல் இயற்றப்பட்ட சட்டம் சில்லறை வாணிபத்தைப் பிலிப்பைன் குடிகளுக்கே உரியதாக்கியது. 1957 இல் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆனால் அதே சட்டம் அமெரிக்கக் குடிகளுக்கு விலக்களித்தது. அதாவது, தெருமுனைச் சீனன் அந்நியனாகவும், கடல் கடந்த பழைய எசமானன் அந்நியனல்லாதவனாகவும் கருதப்பட்டான். தலைமுறைகளாக அம்மண்ணில் வாழ்ந்த சீனருட் பலர் குடியுரிமையற்றவராயிருந்தனர். 1975 இல் மக்கள் சீனத்துடன் உறவு ஏற்படுத்தப்பட்ட வேளையிலேயே அவர்கள் பெருந்தொகையாகக் குடியுரிமை பெற வழி திறந்தது. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் பெருமூலதனத்தோடு வரும் அந்நியருக்குச் சில்லறை வாணிபத்தைத் திறந்துவிட்டது. 2021 ஆம் ஆண்டுத் திருத்தம் அம்மூலதன எல்லையை இரண்டரைக் கோடி பேசோவாகக் குறைத்தது. தேசியத்தின் பெயராலே மூடப்பட்ட கதவு முதலீட்டின் பெயராலே திறக்கப்பட்டது.

சாரி-சாரிக் கடையின் உண்மையான மூலதனம் நம்பிக்கையாகும். கடைக்காரியிடம் ஒரு கடன் கொப்பி இருக்கும். ‘கடன் நல்லது, ஆனால் எமக்கு வேண்டியது காசு’ என்ற அறிவிப்பு சுவரில் தொங்கினாலும் கொப்பி நிரம்பிக்கொண்டேயிருக்கும். யாருடைய மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினான், யாருடைய வண்டி பழுதடைந்தது என்பதெல்லாம் அவள் அறிவாள். பெடிகாப் சாரதி காலையில் அவளிடம் கடனுக்குக் கோப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டு, மாலையில் கிடைத்த கூலியிலே கடனடைத்து, அரிசி வாங்கிச் செல்வான். அவ்வரிசியோ அவன் போன்ற ஒருவனின் வண்டியிலேயே கடைக்கு வந்திருக்கும். போக்குவரத்தும் வாணிபமும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

எனினும் இங்கும் கணக்கை நேர்மையாகப் பார்த்தல் வேண்டும். சிறுகச் சிறுக வாங்குபவர் மொத்தமாக வாங்குபவரைவிடக் கூடிய விலை கொடுக்கின்றார். வறியவனாயிருப்பதற்கென்றே ஒரு வரி செலுத்துவது போன்றது இது. முன்பு சொந்தப் போத்தலைக் கொண்டுசென்று எண்ணெயும் வினாகிரியும் வாங்கிய மக்கள், பெருங்கம்பனிகளின் பிளாஸ்ரிக் சிறுபொதிகள் வந்த பின்னர் ஆறுகளையும் கடலையும் குப்பையால் நிரப்ப நேர்ந்தது. கடைக்காரியும் கடனாளியே. ஐந்து பெற்று ஆறாகத் திருப்பும் ‘ஐந்து-ஆறு’ வட்டிமுறை நாடெங்கும் பரவியுள்ளது. அக்கடனை வழங்குவோருள் மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகச் சென்று நாள் தவணை அறவிடும் பஞ்சாபியரும் அடங்குவர். 2017 இல் அரசு இதற்கு மாற்றாகக் குறைந்த வட்டிக் கடன் திட்டமொன்றை அறிமுகப்படுத்தியது. ஆயினும் பிணையும் படிவமும் கேட்காது வாசலுக்கே வரும் கடனோடு அலுவலகக் கடன் போட்டியிடுதல் எளிதன்று.

புதிய சதுக்கம்

மனிலாவில் 1985 இல் திறக்கப்பட்ட பேரங்காடியைத் தொடர்ந்து நாடெங்கும் அத்தகைய வளாகங்கள் பெருகின. டுமகெத்தேக்கு அது 2009 இல் வந்தது. குளிரூட்டிய கூடம், உணவகங்கள், திரையரங்குகள், வங்கிக் கருமபீடங்கள் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. ஞாயிறுகளில் அங்கு பூசையும் நிகழ்வது பிலிப்பைன் பேரங்காடிகளிற் பொதுவாகக் காணப்படும் வழக்கம். கோயிலும் சந்தையும் உலாவிடமும் ஓரிடத்தே திரண்டிருத்தல் 1573 ஆம் ஆண்டுக் கட்டளைகளை நினைவூட்டுகின்றது. வேறுபாடு யாதெனில், பழைய சதுக்கத்தில் எவரும் கூடை விரித்து விற்கலாம். புதிய சதுக்கத்தில் வாடகை செலுத்த வல்லவரே விற்கலாம்.

போக்குவரத்திலும் இதே போக்கு நிலவுகின்றது. 2017 இல் தொடங்கிய நவீனமயமாக்கற் திட்டம் பழைய ஜீப்னிகளை நீக்கி, புகை குறைந்த புதிய வண்டிகளைப் புகுத்தவும், தனி உரிமையாளரைக் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றிணைக்கவும் முற்பட்டது. புதிய வண்டியின் விலையோ இருபது இலட்சம் பேசோவுக்கும் மேலானது. 2023 மார்ச்சில் நாடளாவிய வேலைநிறுத்தம் இடம்பெற்றது. ஒன்றிணைவுக்கான இறுதி நாள் பலமுறை பின்போடப்பட்டு 2024 ஏப்பிரில் 30 இல் முடிவுற்றது. முச்சக்கர வண்டிகள் இத்திட்டத்துள் அடங்கவில்லையெனினும், அவை தேசிய நெடுஞ்சாலைகளில் ஓடலாகாதென 2020 பெப்ரவரியில் உள்நாட்டு அமைச்சு நினைவூட்டிற்று. நெடுஞ்சாலையே ஊரின் பிரதான வீதியாக அமைந்த மாகாண நகரங்களில் இக்கட்டளையின் தாக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

2021 இல் டுமகெத்தேக் கரையில் 174 ஹெக்டேயர் கடலை நிரப்பிப் புதிய நகர்ப்பகுதியொன்றை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தாரும் மீனவரும் நகரப் பொதுமக்களும் அதனை வன்மையாக எதிர்த்தனர். படகுத்துறையருகே சதுக்கம் அமைய வேண்டுமென்று ஒரு காலத்தில் அரசன் விதித்தான். சதுக்கத்துக்காகக் கடலையே அகற்றலாமென்று இக்காலத்துத் திட்டம் எண்ணிற்று. விவாதத்தின் மையம் வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பதன்று. கரை யாருக்குரியது என்பதேயாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். டுமகெத்தே போன்ற மாகாண நகரின் தெருவும் சந்தையும் பின்தங்கிய நிலையின் எச்சங்களல்ல. மணி, கரும்பு, பாதை, போர், பேரங்காடி என ஒவ்வொரு காலத்திலும் மேலிருந்து வந்த திரட்சிக்கு மக்கள் கீழிருந்து கண்ட தீர்வுகளின் தொகுதியே அவை. பெடிகாப் புகை கக்குகின்றது, சாரதியைச் சுரண்டுகின்றது என்பதும், சிறுபொதி கடலை மாசுபடுத்துகின்றது என்பதும் மறுக்கவியலாதவை. ஆனால் இக்குறைகளைப் போக்க வரும் எச்சீர்திருத்தமும், அச்சிறிய வண்டியும் சிறிய கடையும் எத்தேவையை நிறைவு செய்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதனை அறியாது வகுக்கும் திட்டம் வறுமையை அகற்றாது. வறியவரின் கருவியையே அகற்றும். இருபது இலட்சம் பேசோ வண்டிக்கான கடன் யாருடைய தோளில் ஏறும் என்னும் வினாவுக்கு விடை கூறாதவரை, நவீனம் என்பது கட்டாய உழைப்புக் காலத்துப் பாதையைப் போன்றே இருக்கும். அமைத்தவர் நடப்பர், அமைக்காதவர் அதில் ஏறிச் செல்வர்.